நாலுக்கு மூணு கல்யாணம்

"...அகலமா இருந்தா உயிரோட இருக்கேன், ஒல்லியா இருந்தா செத்துப் போயிட்டேன். இதுல உனக்கு எந்த அக்கா வேணும்னு நீயே சொல்லுடி" என்றாள் அக்கா.

நான் டிவிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் ரிமோட். திரையில் அக்காவின் கல்யாணம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நடுவில் மணமேடை. அதற்கு இடப்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை, வலப்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, நான் ஏதோ அவளுக்குக் குழி வெட்டிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள்.

கிள்ளானில் அக்கா வீட்டு ஹாலில் நடந்த இந்தப் பேச்சு புரியவேண்டும் என்றால் முதலில் காப்பார் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காப்பார் ஊரில் இருப்பதால் காப்பார் அண்ணி. அத்தானுக்குக் கூடப்பிறந்த மூத்தவர், அக்காவுக்கு நாத்தனார். அத்தானுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அவர்களுடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணிதான் கையுறை ஃபேக்டரியில் வேலை செய்து தம்பியை ஆளாக்கினார். நல்ல மனுஷி. அவர் வீட்டுக்குப் போனால் தட்டில் பாதிக் கோழியை வைத்துவிட்டு, "ஏன், உடம்பு சரியில்லையா, சாப்பிடவே மாட்டேங்கிற" என்று கேட்பார். ஆனால் அவரிடம் இரண்டு வாக்கியங்கள் உண்டு. காதுகுத்தோ கல்யாணமோ, நாலு பேர் கூடிய இடத்தில் அந்த இரண்டையும் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டார்.

ஒன்று, "என் தம்பிய நான் தேக்கு மரமா வளத்துக் குடுத்தேன்."

இன்னொன்று அக்காவைப் பார்த்து. "நீயும் எங்க வீட்டுக்கு வரும்போதே நிறைஞ்ச குடமாத்தான் வந்தே. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது."

அவர் சொல்லும்போது முகத்தைப் பார்த்தால் அது பாராட்டு மாதிரிதான் இருக்கும். அக்காவுக்கு மட்டும் அப்படி விழாது. அண்ணியின் கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கையாட்டிவிட்டு உள்ளே வந்து ஆரம்பிப்பாள்.

"குடமா நான்? கரண்டிக் காம்பு மாதிரி இருந்தேன்டி. இவங்க வீட்டுக்கு வந்து, பிள்ளைங்களப் பெத்து, மிச்சம் மீதிய வீணாக்கக் கூடாதுன்னு நானே தின்னு தின்னு இப்படி ஆனேன். வரும்போதே இப்படி வந்தேனாம்."

அதாவது அக்காவின் உடம்புக்கு யார் பொறுப்பு என்பதுதான் வழக்கு. எங்கள் வீட்டில் வளர்ந்ததா, அவர்கள் வீட்டில் வளர்ந்ததா. கிள்ளானிலிருந்து காப்பார் போகிற சாலையே அகலப்பட்டு, இரண்டு பக்கமும் கடை வந்து, பேர் பலகையெல்லாம் மாறிவிட்டது. வழக்கு மட்டும் அப்படியே இருந்தது.

போட்டோவைக் காட்டி முடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கிள்ளானில் வெள்ளம் புகுந்த வருஷம் கல்யாண ஆல்பம் தண்ணீரில் ஊறிவிட்டது. வெயிலில் காயவைத்துப் பிரித்துப் பார்த்தால் மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர், வீடியோக்காரர் எல்லாரும் ஒட்டிக்கொண்டு ஒரே ஆளாகியிருந்தார்கள். மிஞ்சியது ஒரு வீடியோ டேப். அது பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு அலமாரியில், பிளாட்டின் எட்டாவது மாடியில் இருந்ததால் பிழைத்தது.

அத்தானுக்கு அறுபது முடியப்போகிறது. கோயிலில் அறுபதாம் கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் அப்பாவுக்கென்று ஒரு பெரிய டிவி வாங்கி அனுப்பியிருந்தான். சுவரில் பாதியை அது எடுத்துக்கொண்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது அக்காவுக்கு ஒரு யோசனை பிறந்தது.

"அந்த டேப்ப பென்டிரைவ்ல ஏத்திக் குடுடி. விசேஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணியக் கூப்பிடுறேன். டீ குடுக்கிறேன். போட்டுக் காட்டுறேன். 'ஆமா, நீ ஒல்லியாத்தான் இருந்தே'ன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை. அது போதும். அப்புறம் அந்த மேடையில நான் நிம்மதியா உக்காருவேன்."

எனக்கும் நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்து டேப்பை பென்டிரைவில் ஏற்றி, கிள்ளானுக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் நான் வேலை செய்யும் கிளினிக் கௌண்டரில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அக்கா போன் செய்தாள்.

"அந்தக் கடைக்காரன் கெடுத்துட்டான்டி."

"படம் வரலையா?"

"வருது. கல்யாணம் என்னோடதுதான். மண்டபமும் அதேதான். ஆனா உள்ள உக்காந்திருக்கிறது நான் இல்ல. நான் இப்ப எப்படி இருக்கேனோ அப்படி ஒருத்தி உக்காந்திருக்கா."

எங்கள் குடும்பத்தில் ரிமோட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எல்லாப் பட்டனையும் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பேன், எதை அழுத்தியபோது கெட்டுப்போனதோ அதை மறுபடி அழுத்துவேன். அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் அக்கா சொன்னதும் விஷயம் பிடிபட்டுவிட்டது. பழைய படம் ஏறக்குறையச் சதுரம். புது டிவி நீட்டுப் பலகை. சதுரத்தைப் பலகை முழுக்க இழுத்துப் பரப்பினால் உள்ளே இருக்கிறவர்களும் சேர்ந்து பரவத்தான் செய்வார்கள். ரொட்டி சானாய் கடையில் மாவை வீசுகிற மாதிரிதான்.

சனிக்கிழமை கொம்யூட்டர் ரயிலேறிப் போனேன். அத்தான் கால்மேல் கால் போட்டுப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் ஸ்கோர் இல்லை. கீழே ஓடுகிற எழுத்துகளில் மேல்பாதி மட்டும் தெரிந்தது.

"என்னாத்தான், ஸ்கோர் எங்க?"

"இந்த டிவில அதெல்லாம் வராது லா."

"வராதா?"

"பெருசு இல்ல? ஆட்டத்த மட்டும்தான் காட்டும். கோல் போட்டா ஆளுங்க கட்டிப் பிடிப்பாங்க. அத வச்சு நாமளே மனசுல போட்டுக்க வேண்டியதுதான்."

படம் ஜூமில் நின்றிருந்தது. டிவி வந்த அன்றைக்கே அப்படி ஆகியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் எல்லா ஆட்டத்தையும் ஓரங்கள் இல்லாமல்தான் பார்த்து வந்திருக்கிறார். மெனு மலாயில் இருந்தது. 'சாயிஸ் கம்பார்' என்ற இடத்துக்குப் போனால் படத்தின் அளவை மாற்றலாம். மாற்றினேன். ஸ்கோர் வந்தது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம ஆளுங்க தோத்துக்கிட்டா இருக்காங்க?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

கொஞ்ச நேரம் பார்த்தார். "பழையபடி வச்சிரும்மா. தெரியாம பார்த்தப்ப நல்லா விளையாடிக்கிட்டு இருந்தாங்க."

அக்கா அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. பந்தாட்டத்தை அணைத்துவிட்டு பென்டிரைவைச் செருகினாள். நாதஸ்வரம் பிடித்தது. அக்கா சொன்னது சரி. எல்லாரும் சோபா தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மாலை ஒவ்வொன்றும் லோரி டயர் டியூப் அளவுக்கு இருந்தது. ஒல்லியான ஐயர் என்று எங்களுக்கெல்லாம் நினைவு, அவர்கூட ஹோமத்துக்கு முன்னால் அரிசி மூட்டையாக அமர்ந்திருந்தார். நடுவில் அக்கா. நிறைந்த குடம். அண்ணி எழுதிக்கொடுத்து எடுத்த படம் மாதிரி இருந்தது.

'சாயிஸ் கம்பார்' போய் ஜூம் வைத்தேன். ஆட்கள் சரியான அளவுக்கு வந்தார்கள், ஆனால் மேலும் கீழும் வெட்டுப்பட்டது. ஐயருக்குத் தலை இல்லை. அக்காவுக்கு நெற்றியிலிருந்து மேலே இல்லை. முக்கியமான நேரத்தில் அத்தான் குனிந்தார், நிமிர்ந்தார், எல்லாரும் அட்சதை போட்டார்கள். அவர் கை என்ன செய்தது என்பது திரைக்குக் கீழே எங்கேயோ போய்விட்டது.

"தாலி கட்டுறதே தெரியல" என்றாள் அக்கா. "இதப் போட்டுக் காட்டினா எனக்குக் கல்யாணமே ஆகலன்னு சொல்லிருவாங்க."

அதற்கு அடுத்தது நாலுக்கு மூணு, அகலம் நாலு என்றால் உயரம் மூணு. அழுத்தினேன். படம் இரண்டு பக்கமிருந்தும் உள்ளே சுருங்கி, பழைய டிவியில் எப்படி இருந்ததோ அப்படி நின்றது. அதில் என் அக்கா இருந்தாள். கழுத்தெலும்பு தெரிய, ஜடையின் கனத்தில் தலை கொஞ்சம் பின்னால் சாய, கூறைப்புடவைக்குள் யாரோ ஒரு குச்சியை நட்டுவைத்த மாதிரி. அக்கா கிட்டே போய்த் திரையைத் தொட்டாள்.

"சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"கரண்டிக் காம்பு."

அந்தச் சந்தோஷம் ஒரு டீ ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. "அது என்னாடி ரெண்டு பக்கமும்?"

"அது சும்மா காலி இடம்க்கா. படம் இல்லாத இடம்."

"காலி இடம் எதுக்குக் கறுப்பா இருக்கு?"

சமையலறைக்குப் போய் முந்தின நாள் பேப்பரை எடுத்துவந்தாள். மரண அறிவிப்புப் பக்கத்தை மடித்து டிவிக்குப் பக்கத்தில் பிடித்தாள். அங்கேயும் நடுவில் சிரித்த முகம், பக்கவாட்டில் தடித்த கறுப்புப் பட்டை. இங்கேயும் அதேதான்.

"கட்டத்துக்குள்ள யாரு இருக்கிறது? இவரு. அறுபதுல கண்டம்னுதானே இன்னொரு தடவ தாலியே கட்டுறோம்? இந்த நேரத்துல என் தம்பியக் கொண்டுபோய் கடைசிப் பக்கத்துல போட்டுட்டியேன்னு அண்ணி வைக்கிற ஒப்பாரி அடுத்த ஊரு மேரு வரைக்கும் கேக்கும்."

அப்போதுதான் எந்த அக்கா வேண்டும் என்று கேட்டாள்.

அத்தானுக்குக் கண்டத்தைவிட வேறு கவலை. "இவ்வளவு பெரிய டிவியில ரெண்டு பக்கமும் இருட்டா விடுறதா? வீட்ட வாடகைக்கு எடுத்து ரெண்டு ரூம்பப் பூட்டி வச்ச மாதிரி இருக்கு."

பென்டிரைவ் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் அசரவே இல்லை. "அதுக்கென்னாக்கா, சைட்ல பேக்ரவுண்டு போட்டுருவோம். இந்தப் பக்கம் அருவி, அந்தப் பக்கம் ரெண்டு அன்னம். கஸ்டமருங்க விரும்பிக் கேக்கிறாங்க." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா போனை வாங்கினாள். "தம்பி, என் கல்யாணம் கிள்ளான்ல நடந்துச்சு. அருவியில நடக்கல. எங்க அண்ணி அன்னைக்கு அங்கதான் இருந்தாங்க. அன்னத்தப் பார்த்தா மத்ததையும் நம்பமாட்டாங்க." சாட்சியில் கை வைக்கக்கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். கறுப்பு மேல் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட்டால் தோஷம் இல்லையாம். அந்த நேரம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோ காலில் வந்தான்.

"அம்மா, கையில என்னா?"

"ஒண்ணுமில்ல, டிவிக்குப் பொட்டு வைக்கப்போறேன்."

"அம்மா. ஸ்கிரீன் மேல ஒண்ணும் தடவாதீங்க. பிளீஸ்மா. போயிரும்."

"மஞ்சள் வச்சு எது போயிருக்கு? வராததுதான் வந்திருக்கு."

"அத்தை, அங்க இருக்கீங்களா? நீங்களாவது சொல்லுங்க."

"சித்திடா" என்றேன். பதற்றத்தில் பையனுக்கு உறவே குழம்பிவிட்டது.

அத்தான் மஞ்சள் அட்டையை வெட்டி இரண்டு பக்கமும் தொங்கவிட்டுப் பார்த்தார். ஃபேன் காற்றில் அட்டை திரும்பித் திரும்பி, உள்ளே நடக்கிற கல்யாணத்துக்கு ஜன்னல் சாத்துகிற மாதிரி இருந்தது. கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். பிறகு அவர்தான் கேட்டார்.

"கல்யாண வாசல்ல ரெண்டு பக்கமும் என்னா கட்டுவோம்?"

"வாழைமரம்" என்றோம் நானும் அக்காவும்.

சாயங்காலம் தெங்கு கிளானா கடைத்தெருப் பக்கம் மோட்டாரில் போய் இரண்டு வாழைக்கன்று வாங்கிவந்தார். இரண்டையும் மண் நிரப்பிய பெயின்ட் வாளியில் நட்டு, டிவி மேசைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நிறுத்தினோம். தண்டு கறுப்புப் பட்டையை மறைத்தது. இலைதான் சொன்னபடி கேட்கவில்லை. ஓர் இலை கொஞ்சம் உள்ளே நீண்டால் அக்காவின் இடுப்பு மறைந்துவிடும். அந்த இடுப்புக்காகத்தான் இவ்வளவு பாடும். நான் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நறுக்க, அக்கா பின்னால் சோபாவில் இருந்து, "இன்னும் கொஞ்சம், கைகிட்ட, அங்கதான், ஐயோ ரொம்ப வெட்டாத, கறுப்பு தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், கையோடு கையாக டிவிக்கு மேலே மாவிலைத் தோரணமும் கட்டிவிட்டாள். தள்ளி நின்று பார்த்தால், கண்டம் கிண்டம் எதுவும் எட்டிப்பார்க்க முடியாத ஒரு மங்களமான டிவி.

ஞாயிற்றுக்கிழமை காப்பார் அண்ணியும் அண்ணனும் வந்தார்கள். அண்ணன் என்பது அண்ணியின் வீட்டுக்காரர். பேச்சை அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வாழ்கிறவர். அண்ணி செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்தார், வாழைமரத்தைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார், அவரை அறியாமலேயே டிவியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னா விசேஷம்?"

"உங்க தம்பி கல்யாணம் போடப்போறோம் அண்ணி" என்றாள் அக்கா.

"அதுக்கா மரம் கட்டியிருக்க?"

"கல்யாணம்னா மரம் இல்லாமலா?"

அண்ணிக்கு அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. உட்கார்ந்தார். அண்ணன் கறிபாப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். நான் நாலுக்கு மூணில் ஓடவிட்டேன். முதலில் பூ ஜோடித்த கார் வந்தது, மாப்பிள்ளை இறங்கினார், மேளம் முன்னே போனது. அப்புறம் பெண்ணை அழைத்துவந்தார்கள். மெல்லிசாக, குனிந்த தலையோடு அக்கா நடந்து வந்தாள். இங்கே ஹாலில் இருந்த அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி டீயை ஒரு மடக்குக் குடித்தார். "டிவிய நெருக்கிட்டீங்க" என்றார்.

"என்னாண்ணி?"

"ரெண்டு பக்கமும் மரத்த வச்சு இப்படி நெருக்கினா, உள்ள இருக்கிறவங்க ஒடுங்கத்தானே செய்வாங்க? மரத்த எடு. எல்லாரும் நேராயிடுவாங்க."

"அண்ணி, மரத்துக்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன். விளக்கிக் காட்டலாம் என்று நினைத்து, இழுத்த படம் எப்படி இருக்கும், இழுக்காத படம் எப்படி இருக்கும் என்று மாற்றிக் காண்பித்தேன். அதுதான் வினை. 'சாயிஸ் கம்பார்' மாறியதும் கல்யாணம் இரண்டு பக்கமும் விரிந்து இலைகளுக்குப் பின்னால் போனது. அக்கா குடமானாள். அத்தான் மேடையை நிறைத்தார்.

அண்ணி கப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டார். "பார்த்தியா? மிச்சமெல்லாம் மரத்துக்குப் பின்னாடிதான் இருந்திருக்கு. இதுதான் என் தம்பி. எப்படி இருக்கான் பாரு. தேக்கு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்படியே கொம்யூட்டர் ரயிலைப் பிடித்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரு வழி தெரியும். படம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே வட்டமாக ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். பந்து, கடிகாரம், ஏதாவது ஒன்று. ஆரத்தி எடுக்கிற இடத்தில் நிறுத்தினேன்.

"அண்ணி, இந்தத் தட்டப் பாருங்க. முட்டை மாதிரி நீட்டமா இருக்கு. தட்டு வட்டமாத்தானே இருக்கும்? அப்ப படத்த இழுத்திருக்குன்னுதானே அர்த்தம்?"

"அந்தக் காலத்துல முட்டைத் தட்டும் வந்துச்சு. என்கிட்ட ஒண்ணு இருக்கு, இட்லி வைக்கிறதுக்கு."

"மண்டபத்துச் சுவத்துல கடிகாரம் இருக்கு பாருங்க. அதுவும் முட்டையா?"

"அது அன்னைக்கே ஓடாத கடிகாரம்."

ஓடாத கடிகாரத்துக்கு வட்டமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று அண்ணி நினைக்கிறார் போலிருந்தது. நான் அடுத்த வட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, கறிபாப்பை மென்றபடி அண்ணன் வாயைத் திறந்தார்.

"டயரு."

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினோம்.

"ஆரம்பத்துக்குப் போ. என் காடி வரும்."

போனேன். மாப்பிள்ளை வந்த கார் அவருடையது, ஓட்டியதும் அவர்தான். இழுத்த படத்தில் அது வாசலை அடைத்துக்கொண்டு, தாழ்வாக, ஒரு மந்திரியின் கார் மாதிரி நீளமாக நின்றது. அண்ணன் அதை ஆசையாகப் பார்த்தார்.

"நீளமா நல்லாத்தான் இருக்கு" என்றார். மனசே இல்லாமல் தொடர்ந்தார். "ஆனா முட்டை டயர்ல நான் மாப்பிள்ளைய ஏத்திட்டு வரல. காப்பார்லருந்து கிள்ளான் வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லாம ஓட்டிட்டு வந்தேன். அந்தக் காடி டயரு வட்டம்."

நாலுக்கு மூணு வைத்தேன். கார் குட்டையானது. டயர் வட்டமானது.

"இதுதான் என் காடி" என்று சொல்லி இன்னொரு கறிபாப்பை எடுத்துக்கொண்டார்.

அண்ணி அவரை ஒரு முறை முறைத்தார். ஆனால் என்னதான் இருந்தாலும் தன் வீட்டுக்காரர் முட்டை டயரில் கார் ஓட்டினார் என்று எந்தப் பெண் சொல்வாள்? மறுபடி உட்கார்ந்தார். நான் படத்தை ஓடவிட்டேன். கெட்டிமேளம் கொட்டியது. அத்தான் குனிந்து தாலி கட்டினார். கை, கழுத்து, கயிறு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

"சரி" என்றார் அண்ணி. "ஒல்லியாத்தான் இருந்திருக்க."

அவர் வாயால். நான்கு பேர் முன்னிலையில். நான் அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினேன். அவளும் அழுத்தினாள். அண்ணி ஏதாவது திருத்தம் போடுவார் என்று காத்திருந்தோம். அவர் அக்காவைப் பார்த்தே அதைச் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கண் அத்தான் மேல் இருந்தது. படத்தில் இருந்த அத்தான் மேல்.

ஜிப்பாவின் காலர் கழுத்தைத் தொடாமல் தள்ளி நின்றது. தாலி கட்டி முடித்து அவர் கையைத் தூக்கியபோது கைக்கடிகாரம் வளையல் மாதிரி முழங்கை வரைக்கும் சரிந்து இறங்கியது.

"அப்ப இவனும் இப்படித்தான் இருந்தானா?" என்றார் அண்ணி.

"சட்டை லூசுக்கா" என்றார் அத்தான். "கூட்டாளியோட சட்டை. அவன் ஆளு பெருசு."

"சட்டையச் சொல்லலடா. கழுத்தச் சொல்றேன்."

அத்தான் டிவியைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

"ரொட்டியும் தேத்தண்ணியும்தானே பாதி நாளு" என்றார் அண்ணி. யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை. "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வருவேன், இவன் பள்ளிக்கூடம் போயிருப்பான். நான் தூங்கி எழுந்திரிக்கிறப்ப இவன் தூங்கிருப்பான். நல்லாத்தான் வளந்திருக்கான்னு நினைச்சுக்கிட்டேன். எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன்."

திரையில் அவரும் இருந்தார். பெண்ணுக்குப் பின்னால் நின்று தாலியில் நாத்தனார் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவரும் ஒட்டி உலர்ந்துதான் இருந்தார், புடவை தோளில் நிற்காமல் வழிந்தது. அதை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

நான் படத்தை நிறுத்தவா வேண்டாமா என்று ரிமோட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அக்கா என் கையிலிருந்து அதை வாங்கினாள். சேனல் மாற்றக்கூட என்னை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடுகிறவள். ஒரு விரலால் ஒவ்வொரு பட்டனாகத் தடவி, 'சாயிஸ் கம்பார்' வரைக்கும் போனாள். முதலில் ஜூம் வந்து எல்லார் தலையும் போனது. இன்னொரு தடவை அழுத்தினாள். கல்யாணம் பரந்து விரிந்தது. அத்தானின் கழுத்து தடித்தது, கையை இறக்கியிருந்ததால் கைக்கடிகாரமும் மணிக்கட்டுக்கே வந்து உட்கார்ந்தது. அவருக்குப் பக்கத்தில் என் அக்கா மறுபடியும் நிறைந்த குடமானாள்.

அந்தக் காட்சியில் அத்தான் வலது ஓரமாக இருந்ததால் அவருடைய ஒரு தோள் இலைக்குப் பின்னால் போய்விட்டது. அக்கா ரிமோட்டை அண்ணியின் மடியில் போட்டாள். எழுந்து போய், அண்ணி முதலில் சொன்னபடியே, வலப்பக்கத்து வாழைமரத்தை வாளியோடு பிடித்து, மண் சிந்தச் சிந்தச் சுவர் ஓரத்துக்கு இழுத்தாள். பிறகு டிவிக்கு முன்னால் குனிந்து கடந்து அந்தப் பக்கம் போய், இடப்பக்கத்து மரத்தையும் இழுத்தாள்.